‘கர்த்தர் அழைத்தார்’ என்று வேலையை விட்ட கதை

நான் மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்ப்பவன். நடுவில் இரண்டு வருடம் ஏழு மாதம் பார்க்கவில்லை. அந்த இடைவெளியைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். முழுநேர ஊழியத்துக்கு ஆண்டவர் என்னை அழைத்துவிட்டார் என்று நம்பி, 11 வருட வேலையை ஒன்பதே நாளில் விட்டவன் நான். ‘கொஞ்சம் பொறு’ என்று சொல்ல அப்போது ஒருவரும் இல்லாமல் போய்விட்டார்களே என்று ரொம்ப நாள் புலம்பிக்கொண்டிருந்தேன். சொல்லக்கூடிய ஆட்கள் இருந்தார்கள். அவர்கள் காதுக்கு விஷயம் போகாமல் பார்த்துக்கொண்டது நான்தான்.

அப்போது எனக்கு வயது 34. மூன்று நாள் உபவாச ஜெபம் ஒன்றுக்கு நண்பர் ஒருவர் கூட்டிப்போனார். எங்கள் சபை இல்லை. ஒரு தனிச் சபை நடத்தியது. மூன்றாம் நாள் இரவு, பிரசங்கியார் நூற்றுக்கணக்கான பேருக்கு நடுவில் என் பக்கம் கையை நீட்டி, “உன் கையில் இருக்கிற கண்ணாடிக் குழாயைக் கீழே வை, என் வார்த்தையைக் கையில் எடு என்று கர்த்தர் சொல்லுகிறார்” என்றார். நான் லேபில் வேலை பார்ப்பது அவருக்கு எப்படித் தெரியும்? உடம்பெல்லாம் நடுங்கிவிட்டது. அழுதேன். பொய் சொல்ல விரும்பவில்லை, அந்த அழுகையில் உண்மையும் இருந்தது. சிறு வயதிலிருந்தே பிரசங்க மேடை என்னை இழுத்துக்கொண்டிருந்தது. அந்த இழுப்புக்கு யாரோ பேர் வைத்துவிட்ட மாதிரி இருந்தது. என்னைக் கூட்டிப்போன நண்பர் அன்று மதியம் அந்தப் பிரசங்கியாரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார் என்பது ஒன்றரை வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அவர் என்னைப் பற்றிச் சொன்னாரா, சொல்லவில்லையா என்று நான் கேட்கவில்லை. ஏமாற்று என்றும் அதைச் சொல்லமாட்டேன். ஆனால் அன்றைக்கு நான் ‘வேறு வழியே இல்லை, கர்த்தர்தான் சொல்லியிருக்க முடியும்’ என்று நினைத்தேன் பாருங்கள், அது தப்பு.

வீட்டுக்கு வந்து வேதத்தைக் கண்ணை மூடித் திறந்தேன். எரேமியா முதல் அதிகாரம் வந்தது. தாயின் வயிற்றில் உருவாகும் முன்னே உன்னை அறிந்தேன் என்கிற இடம். அதற்கு மேல் என்ன வேண்டும்? (என் வேதாகமத்தில் அந்தப் பக்கத்தை நான் எத்தனை முறை படித்திருந்தேன் என்றால், முதுகுத் தையலே அந்த இடத்தில் தளர்ந்திருந்தது. எப்படித் திறந்தாலும் அங்கேதான் விழும். இது தெரியவும் ரொம்ப நாள் ஆயிற்று.) எங்கள் லேபில் வழக்கத்துக்கு மாறான ஓர் அளவு வந்தால் அதே மாதிரியை இரண்டாவது தடவை ஓட்டிப் பார்க்காமல் அறிக்கையில் கையெழுத்துப் போடமாட்டேன். ஒரு நாளும் போட்டதில்லை. அப்படிப்பட்டவன் என் வாழ்க்கைக்கு மட்டும் முதல் அளவிலேயே கையெழுத்துப் போட்டேன்.

என் மனைவியிடம் சொன்ன விதத்தையும் சொல்லிவிடுகிறேன். கேட்கவில்லை, அறிவித்தேன். அவள், “என்னங்க, ஒரு ஆறு மாசம் போகட்டுமே” என்றாள். நான், திரும்பிப் பார்த்து உப்புத்தூணாகிப்போன லோத்தின் மனைவியைப் பற்றிப் பேசினேன். அந்தப் பேச்சை நினைத்தால் இப்போதும் முகம் சுடுகிறது. எங்கள் சொந்தச் சபையில் ஓய்வு பெற்ற போதகர் ஒருவர் இருந்தார், எனக்கு ஞாயிறு பள்ளியிலிருந்தே பழக்கம். அவரிடம் சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை என்று இப்போது யோசித்தால், அவர் கேள்வி கேட்பார் என்று தெரியும், அதுதான் காரணம். யாராவது உங்களிடம் ‘எனக்கு அழைப்பு வந்திருக்கிறது’ என்று சொன்னால், ‘இதை யாரிடம் சொல்லப் பயப்படுகிறீர்கள்?’ என்று கேளுங்கள். அந்த ஆளிடம்தான் அவர் முதலில் போக வேண்டும்.

ஒன்பதாம் நாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். அந்தத் தனிச் சபையிலேயே துணைப் போதகர் என்று சொல்லிச் சேர்த்துக்கொண்டார்கள். சொல்லி என்றுதான் எழுதுகிறேன், ஏனென்றால் காகிதம் எதுவும் கிடையாது. சம்பளம் என்ற வார்த்தையே அங்கே வராது. ‘உதவி’ என்பார்கள். முதல் மூன்று மாதம் என் பழைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு வந்தது. நான்காம் மாதம் பாதியாயிற்று. அப்புறம் காணிக்கை நன்றாக வந்த மாதங்களில் மட்டும். கேட்டால் “விசுவாசத்தில் வாழப் பழக வேண்டும் தம்பி” என்பார் சபைத் தலைவர். இதற்கிடையில் சபையே நடத்திய ஊழியர் பயிற்சியில் சேர வேண்டும் என்றார்கள். 14 மாதம், கட்டணம் என் பழைய சம்பளத்தில் ஏறக்குறைய மூன்று மாதத் தொகை. கொடுத்தேன். அந்தச் சான்றிதழைப் பின்னால் ஓர் இறையியல் கல்லூரியில் காட்டியபோது, அங்கிருந்தவர் மரியாதையாகப் பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார். ஒரு பாடத்துக்குக்கூட அதைக் கணக்கில் எடுக்க முடியாதாம்.

படிப்பில் பணம் போடும் முன் இரண்டே விஷயம் விசாரியுங்கள். இந்தப் பட்டத்தை இந்தச் சபைக்கு வெளியே யார் ஏற்றுக்கொள்கிறார்கள்? படித்து முடித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள்? இரண்டாவது கேள்விக்குப் பெயரும் ஊரும் சொல்லிப் பதில் வர வேண்டும். ‘கர்த்தர் பல இடங்களில் பயன்படுத்துகிறார்’ என்பது பதில் ஆகாது. வேகமாக ஆக்கித் தருகிறோம் என்கிற இடத்தையும் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். கத்தோலிக்கத் திருச்சபையில் குருவாகத் திருநிலைப்படுத்தப்பட 25 வயது முடிந்திருக்க வேண்டும். மெய்யியலும் இறையியலும் சேர்த்துக் குறைந்தது ஆறு வருடப் படிப்பு. குருக்களைப் பயிற்றுவிக்கும் குருமடங்களை முறையாக ஏற்படுத்தச் சொல்லி, கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்துப் பொதுச்சங்கம் ஆணை போட்டது 1563இல். குருக்களின் அறியாமையும் ஒழுங்கின்மையும் சபையை என்ன பாடு படுத்தின என்று பட்டுத் தெரிந்துகொண்ட பிறகு போட்ட ஆணை அது. நான் கத்தோலிக்கன் இல்லை. ஆனாலும் அந்த நிதானம் எனக்கு இப்போது பொறாமையாக இருக்கிறது.

சேமிப்பு 19 மாதத்தில் தீர்ந்தது. 11 வருடம் சேர்த்தது. வேலையை விட்டபோது கைக்கு வந்த தொகையும் அதிலேயே போயிற்று. அதற்குப் பிறகு மச்சானிடம் கடன். அவர் ஒரு வார்த்தை கேட்காமல் கொடுத்தார், அதுதான் இன்னும் வலித்தது. மொத்தத்தில் பழைய சம்பளத்தில் ஏழு மாதத் தொகைக்குக் கடன் ஏறியது. மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விட்டது என்பதே எனக்கு உறைக்கவில்லை. சின்னவளுக்குக் காய்ச்சல் வந்து ஐந்து நாள் மருத்துவமனையில் படுத்தபோதுதான் உறைத்தது. நான் வேலை பார்த்த அதே மருத்துவமனை. என் பழைய சக ஊழியர் வந்து என் மகளுக்கு ரத்தம் எடுத்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

லூக்கா 14ஆம் அதிகாரத்தில் கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செல்லும் செலவைக் கணக்குப் பார்க்கமாட்டானா என்று இயேசுவே கேட்கிறார். அந்தப் பகுதியை வைத்து நான் இரண்டு தடவை பிரசங்கம் பண்ணியிருக்கிறேன். ‘எல்லாவற்றையும் விட்டுவிடு’ என்கிற கடைசி வரியை மட்டும் பிடித்துக்கொண்டு பேசினேன். உட்கார்ந்து கணக்குப் பார்ப்பது அவிசுவாசம் இல்லை. ஒரு வருடத்துக்கான வீட்டுச் செலவு தனியாக இருக்கிறதா, காப்பீடு என்ன ஆகும், பிள்ளைகள் படிப்பு என்ன ஆகும், தொழில் உரிமம் ஏதாவது காலாவதியாகுமா என்று எழுதிப் பாருங்கள். கடைசியாகச் சொன்னதை அழுத்திச் சொல்கிறேன். என் தொழில்முறைப் பதிவைப் புதுப்பிக்காமல் விட்டேன், ‘கலப்பையில் கை வைத்தாயிற்று, திரும்பிப் பார்க்கக்கூடாது’ என்று. திரும்பி வந்தபோது அதைச் சரிசெய்ய மட்டும் ஐந்து மாதம் போயிற்று. பவுல் கொரிந்துவில் ஆக்கில்லா பிரிஸ்கில்லாளோடு தங்கிக் கூடாரம் கட்டும் தொழில் பார்த்தார். அப்போஸ்தலனே தொழிலைக் கைவிடவில்லை.

சரி, பணத்தை விடுகிறேன். ஊழியம் எப்படி இருந்தது? பிரசங்க மேடை எனக்குச் சுகமாக இருந்தது, சுகம் என்பதே சரியான வார்த்தை. பேசப்பேச எதிரில் தலைகள் ஆடும். ‘நல்ல செய்தி பிரதர்’ என்று கையைப் பிடிப்பார்கள். ஆனால் சபையில் ஒரு வயதான அம்மா மூன்று வாரமாகப் படுக்கையில் கிடந்தார். தினமும் போய்ப் பார்க்க வேண்டியது என் பொறுப்பு. நான் நான்கு தடவைதான் போனேன். ஒவ்வொரு தடவையும் சீக்கிரம் ஜெபத்தை முடித்துவிட்டுக் கிளம்பும் வழியைத் தேடினேன். அவர் இறந்த அன்று, துக்கத்தைவிட எனக்கு ஆறுதல்தான் அதிகமாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுத வேண்டும். ஊழியத்தின் பெரும்பகுதி அந்தப் படுக்கைப் பக்கம்தான் இருக்கிறது. சண்டை போட்ட இரண்டு குடும்பங்களுக்கு நடுவில் உட்காருவது, நாற்காலி அடுக்குவது, ஒரே கதையை ஏழாவது தடவை சொல்லும் தாத்தாவிடம் ஏழாவது தடவையும் கேட்பது, இவையெல்லாம்தான். மேடை வாரத்துக்கு ஒரு மணி நேரம். எனக்கு வந்தது ஊழியத்துக்கான அழைப்பா, மைக்குக்கான ஆசையா என்று அன்றைக்குத்தான் முதல் தடவையாக என்னையே கேட்டேன். ஆகவே, வேலையை விடும் முன் ஒரு வருடமாவது, இருக்கிற சபையிலேயே, யாரும் கவனிக்காத வேலையைச் செய்து பாருங்கள். மேடை கொடுத்தாலும் வாங்காதீர்கள். ஒரு வருடம் முடிந்தும் ஆசை அப்படியே இருந்தால் அப்புறம் பேசலாம்.

சபைக் கணக்கு விஷயத்தில்தான் முறிவு வந்தது. காணிக்கை எண்ணும் இடத்தில் ஒரே குடும்பத்து ஆட்கள்தான் இருப்பார்கள். கட்டிடமும் தலைவர் பேரில். வருடத்துக்கு ஒரு தடவையாவது கணக்கைச் சபையில் வாசிக்கலாமே என்று தனியாகப் போய்த்தான் சொன்னேன். அடுத்த ஞாயிறு பிரசங்கம், ‘நான் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதேயுங்கள்.’ அதற்கு அடுத்த ஞாயிறு யோனா. அழைப்பைவிட்டு ஓடுகிறவனுக்கு மீன் காத்திருக்கிறது என்று என்னைப் பார்த்தே சொன்னார். அந்த வாரம் முழுவதும் எனக்குத் தூக்கம் இல்லை. பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று பயந்தேன். படித்தவன், லேபில் 11 வருடம் இருந்தவன், ஒரு பிரசங்கத்தைக் கேட்டு மகளின் நெற்றியை ராத்திரி எழுந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

பின்னால் நிதானமாகப் படித்தபோது, 105ஆம் சங்கீதத்தில் அந்த ‘தொடாதேயுங்கள்’ வசனம் எங்கே வருகிறது என்று பார்த்தேன். ஆபிரகாமும் ஈசாக்கும் யாக்கோபும் சொந்த நிலமில்லாமல் அலைந்த நாட்களில், அவர்களுக்குத் தீங்கு செய்யாதபடி ராஜாக்களைக் கடிந்துகொண்டு சொன்னது. நாதியற்ற பரதேசிகளைக் காப்பாற்ற வந்த வார்த்தை. கணக்குக் கேட்டவனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. கணக்கைப் பற்றி வேதம் பேசுகிற இடம் வேறு. 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில், ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுபோகும்போது யாரும் குற்றம் சொல்ல இடம் வரக்கூடாது என்று, சபைகள் தெரிந்தெடுத்த ஆளைப் பவுல் தன்னோடு சேர்த்துக்கொள்கிறார். தன்மேல் சந்தேகம் வரலாம் என்று அப்போஸ்தலனே ஏற்பாடு பண்ணிக்கொள்கிறார் என்றால், மற்றவர்களுக்கு என்ன கூச்சம்? ஓர் இடத்தில் ஊழியத்துக்குச் சேரும் முன் கேட்டே ஆக வேண்டியவை இவை: சொத்து யார் பேரில்? கணக்கை வெளியாள் தணிக்கை செய்கிறாரா? என்னை நியமிப்பது யார், நீக்குவது யார்? மாதம் எவ்வளவு, வாரத்தில் எந்த நாள் ஓய்வு, முடியாமல் போனால் என்ன? பதில் காகிதத்தில் வேண்டும். கேட்டவுடன் வசனம் வந்தால், கிளம்பிவிடுங்கள்.

என்னை யாரும் நீக்கவில்லை. ஒரு நாள் வாட்ஸ்அப் குழுவில் என் பேர் இல்லை. அடுத்த ஞாயிறு என் நாற்காலியில் வேறு ஒருவர் இருந்தார். அவ்வளவுதான்.

அடுத்த ஆறேழு மாதத்தைப் பற்றி அதிகம் எழுத எனக்குத் தெம்பு இல்லை. வீட்டைவிட்டு வெளியே போகக் கூச்சம். பழைய சபைக்குப் போனால் ‘பின்வாங்கினவன்’ என்பார்களோ என்று நினைப்பு. யாரோ ஒரு சகோதரர், ‘தேவனுடைய கிருபைவரங்களும் அவர் அழைத்த அழைப்பும் மாறாதவைகளே’ என்கிற ரோமர் 11:29ஐ அனுப்பி, இன்னும் திரும்பலாம் என்றார். நல்ல எண்ணத்தில்தான் அனுப்பியிருப்பார். அந்த அதிகாரம் முழுவதும் இஸ்ரவேல் ஜனத்தைப் பற்றியது. ஒரு தனி மனிதனின் ராஜினாமாக் கடிதத்தைப் பற்றியது அல்ல. அப்படி அப்போது சொல்ல எனக்குத் தெம்பில்லை. தூக்கத்துக்கு மருத்துவரிடம் போனேன், நல்ல வேளை போனேன். ஊழியத்தில் முறிந்து வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், ஜெபத்தோடு மருத்துவரையும் பாருங்கள். உங்களுக்குத் தெரிந்த எந்தச் சபையோடும் தொடர்பில்லாத ஒரு மனநல ஆலோசகர் கிடைத்தால் இன்னும் நல்லது. அங்கே நீங்கள் சாட்சி சொல்ல வேண்டியதில்லை, நடந்ததைச் சொன்னால் போதும்.

கடைசியில் அந்த ஓய்வு பெற்ற போதகர்தான் வீடு தேடி வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, “தம்பி, சாமுவேலைக் கூப்பிட்டது கர்த்தர்தான். ஆனா அது கர்த்தர்னு அவனுக்குச் சொன்னது யாரு?” என்று கேட்டார். ஏலி என்றேன், சாமுவேல் அண்டியிருந்த ஆசாரியர். “கண்ணு மங்கினவர். சொந்தப் பிள்ளைகளையே அடக்காதவர். அவரே மூணாவது தடவைதான் புரிஞ்சுக்கிட்டார். ஆனாலும் சின்னப் பையன் எழுந்து எழுந்து அவருகிட்டத்தானே ஓடினான்?” என்றார். எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை. “நீ ஏன் எங்கிட்ட ஓடி வரலை?” என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

மறுபடி வேலை கிடைத்து, இரவுப் பணி போட்டார்கள். இயந்திரம் ஓடும் நேரத்தில் படிக்க ஆரம்பித்தேன். அழைப்பு வந்ததாக நாம் கொண்டாடும் ஆட்களின் கதைகளை முழுசாகப் படித்தால் எல்லாமே மெதுவாக இருந்தது, ஒன்றிலும் ஒன்பது நாள் இல்லை. மோசே பார்வோன் முன் நின்றபோது வயது 80. அதற்கு முன் முட்செடியருகே சாக்குமேல் சாக்குச் சொல்லிக் கடைசியில் ‘வேறு யாரையாவது அனுப்பும்’ என்றவர். பவுலுக்குத் தமஸ்கு வழியில் வெளிச்சம் வந்தது, உண்மைதான். ஆனால் உடனே அனனியா என்கிற இன்னொரு மனிதனிடமும் கர்த்தர் அதே விஷயத்தைத் தனியாகப் பேசுகிறார். அப்புறம் எருசலேமுக்குப் போகவே மூன்று வருடம். தர்சுவில் கிடந்தவரைப் பர்னபா தேடிப்போய்க் கூட்டிவருகிறார். அப்போஸ்தலர் 13ஆம் அதிகாரத்தில் பரிசுத்த ஆவியானவர் பேசுவது அந்தியோகியாவில் ஐந்து பேர் கூடி உபவாசித்த இடத்தில். சவுலிடம் (பவுலுக்கு அங்கே அந்தப் பேர்தான்) தனியாகக் காதில் சொல்லவில்லை. தீர்க்கதரிசனம் சொன்னால் மற்றவர்கள் நிதானிக்கட்டும் என்று 1 கொரிந்தியர் 14இல் இருப்பதும் அப்போதுதான் கண்ணில் பட்டது. என்னைப் பார்த்துக் கை நீட்டியபோது அந்தக் கூட்டத்தில் யார் நிதானித்தார்கள்? கைதட்டினார்கள்.

வேதத்துக்குப் பிந்தைய கதைகளையும் படித்தேன். பின்னால் பெரிய இறையியலாளர் என்று பேர் வாங்கிய அகுஸ்தீனை, 391இல் வட ஆப்பிரிக்காவின் ஹிப்போ பட்டணத்து ஜனங்கள் பிடித்து இழுத்துக் குருவாக்கினார்கள், அவர் அழுதார். திருநிலைப்பாடு ஆன கையோடு தன் ஆயருக்குக் கடிதம் எழுதி, வேதத்தைப் படிக்க எனக்கு அவகாசம் தாருங்கள் என்று கெஞ்சினார். அவ்வளவு படித்தவர்! எனக்கு மிகவும் உறைத்தது, புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூத்தர் கதை. 1505 ஜூலையில் இடிமின்னலுக்குப் பயந்து, துறவியாவேன் என்று நேர்ந்துகொண்டார், இரண்டே வாரத்தில் மடத்தில் சேர்ந்தார். அவர் அப்பாவுக்குக் கடும் கோபம். இரண்டு வருடம் கழித்து லூத்தரின் முதல் பூசைக்கு வந்தவர், வானத்திலிருந்து வந்த அழைப்பு என்று மகன் சொன்னதும், அது பிசாசின் மாயமாக இல்லாதிருந்தால் சரி என்கிற மாதிரி ஒரு போடு போட்டாராம். அந்த அப்பா பேச்சைக் கேட்டிருந்தால் சரித்திரமே வேறு என்று ஒருவர் சொல்லலாம். ஆனால் லூத்தரே பின்னால், பயத்தில் நேர்ந்த அந்த நேர்த்தி சரியானதல்ல என்றுதான் அப்பாவுக்கு எழுதினார்.

ஒரு விஷயம் முன்பே தெரிந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன் என்று தோன்றுவது, இயேசு சபையைத் தொடங்கிய இஞ்ஞாசியாரின் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ என்கிற நூலில் இருக்கிறது. ஆறுதல் உண்மையிலேயே கடவுளிடமிருந்து வந்ததாக இருந்தாலும், அது வந்த கணம் வேறு, அதற்குப் பிறகு அந்தச் சூட்டில் நாமே போடும் திட்டங்கள் வேறு என்கிறார். இரண்டாவதில் நம் சொந்த யோசனை கலந்துவிடும். மனம் பொங்கியிருக்கும் ஒருவரை அவசரமாக வாக்குக் கொடுக்கவிடாதீர்கள் என்று வழிகாட்டுகிறவருக்கும் எச்சரிக்கை கொடுக்கிறார். அந்த இரவு நான் அழுததை இன்றும் பொய் என்று சொல்ல மனம் வரவில்லை. ராஜினாமாக் கடிதம் அந்த அழுகையில் இருந்து வரவில்லை, அடுத்த எட்டு நாள் சூட்டில் வந்தது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒருவர் சொல்லிக் கொடுத்திருந்தால், முதலாவதை வைத்துக்கொண்டு இரண்டாவதைத் தள்ளிப் போட்டிருக்கலாம்.

சபைகளுக்கு இது தெரியாமல் இல்லை. லூத்தருக்கு அடுத்த தலைமுறைச் சீர்திருத்தவாதியான கால்வின், ஒருவர் மனசுக்குள் உணரும் அழைப்பு வேறு, சபை ஒழுங்காகத் தரும் வெளி அழைப்பு வேறு என்று பிரித்தார். ஆங்கிலிக்க முறையில் உதவிக்குருவாகிறவரைப் பார்த்து ஆவியானவர் உள்ளுக்குள் ஏவியதாக நம்புகிறாயா என்று கேட்கிறார்கள். இவர்மேல் ஏதாவது குற்றம் தெரிந்தால் சொல்லுங்கள் என்று கூடியிருக்கும் ஜனங்களிடமும் கேட்கிறார்கள். கத்தோலிக்கத் திருநிலைப்பாட்டில் இவர் தகுதியானவர் என்று உமக்குத் தெரியுமா என்று ஆயர் கேட்க, மக்களிடம் விசாரித்தபின் சொல்கிறேன் என்கிற ரீதியில் பதில் வரும். 1746இல், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லியின் மாநாட்டில், பிரசங்கிக்க அழைப்பு என்று வருகிறவரைச் சோதிக்க மூன்று கேள்வி வைத்தார்கள்: இவருக்கு தேவனைத் தெரியுமா, வரம் இருக்கிறதா, கனி இருக்கிறதா? மூன்றாவதைக் கவனியுங்கள். கனி இருக்கிறதா என்று நானே என்னைப் பற்றிச் சொல்ல முடியாது. சாப்பிட்டவர்கள்தான் சொல்ல வேண்டும்.

மச்சானின் கடனைப் போன வருடம் முடித்தேன். ஐந்து வருடம் ஆயிற்று. இரவுப் பணி முடிந்ததும், அனுமதி வாங்கி, வாரம் இரண்டு நாள் வார்டில் தனியாகக் கிடக்கும் நோயாளிகளோடு உட்கார்ந்துவிட்டு வருகிறேன். முன்பு அந்த அம்மாவின் படுக்கைப் பக்கம் உட்கார முடியாதவன், இப்போது கொஞ்ச நேரம் உட்கார முடிகிறது. ஏன் என்று தெரியவில்லை. அங்கே பிரசங்கம் எதுவும் பண்ணுவதில்லை. பாதிப் பேர் கிறிஸ்தவர்களே இல்லை.

இதைப் பார்த்துவிட்டு அந்த ஓய்வு பெற்ற போதகர்தான், முறைப்படி சபை மூலமாக விண்ணப்பம் போட்டுப் பார் என்றார். பகுதிநேர ஊழியத்துக்குத்தான், வேலை அப்படியே இருக்கும். படிவம் வந்திருக்கிறது. 12 பக்கம். மருத்துவச் சான்று, மனநல மதிப்பீடு, கடன் விவரம் எல்லாம் கேட்கிறார்கள். முன்பாக இருந்தால் கோபம் வந்திருக்கும். உங்கள் அழைப்பை அடையாளம் கண்ட மூன்று பேர் யார் என்று ஒரு கட்டம். இரண்டு பேர் எழுதிவிட்டேன். கடைசிப் பக்கம் மனைவி தனியாக நிரப்பி, நான் பார்க்காமல் உறையில் ஒட்டி அனுப்ப வேண்டியது. அவளிடம் கொடுத்தேன். “படிச்சுட்டுச் சொல்றேன்” என்று வாங்கி அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்தாள். இன்றோடு பதினோரு நாள். இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.